பிரேக்த்ரூ வந்தால்தான் லீவு

உட்கார்ந்திருப்பவனை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் இன்னொருவனை உட்காரவைப்பதுதான் என் தொழில். படித்தவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் அயனிப் பரிமாற்றம். வளைகுடாவில் ருவைஸ் என்ற ஊரில் ஒரு பிளான்ட்டில் ஆறு வருடம் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு சார்ஜாவில் ஒரு கம்பெனிக்கு வந்தேன். அங்கே பிரிக்க வேண்டியது சீசியம்.

கடல் தாண்டி ஒரு நாட்டில் அணுக்கழிவைப் பெரிய பெரிய டாங்கிகளில் ஊற்றி மண்ணுக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். அதில் கதிர்வீச்சு மிகுந்த சீசியத்தை முதலில் வெளியே எடுத்துவிட்டால் மீதியைக் கையாள்வது சுலபம். அதற்கு ஆளுயர ஸ்டீல் குழாய்களில் கடுகைவிடச் சிறிய ரெசின் உருண்டைகளை நிரப்பி, மேலிருந்து கழிவை விடுவார்கள். ஒவ்வொரு உருண்டையிலும் சோடியம் உட்கார்ந்திருக்கும். சீசியம் வந்ததும் சோடியம் எழுந்து போய்விடும், சீசியம் உட்கார்ந்துகொள்ளும். ஒருவன் விசா கேன்சல் ஆனால்தான் அடுத்தவனுக்கு விசா என்ற நம் கம்பெனிச் சட்டம்தான், வேறொன்றுமில்லை. அந்தக் குழாய்களைச் செய்து, ஓட்டிக் காட்டும் ஆர்டர் எங்களுக்கு வந்திருந்தது.

லீவு ஃபாரத்தை நீட்டிவிட்டு மேலே இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் உள்ளவர்கள் மட்டும் மேற்கொண்டு படிக்கவும். மற்றவர்களுக்கு இது வெறும் கெமிஸ்ட்ரியாகத்தான் தெரியும்.

டூப்ளிகேட் கழிவு

முதலாளி ஹமீது பாய் கீழக்கரைக்காரர். துபாய் தேராக் கடைத்தெருவில் பம்பும் வால்வும் விற்றுப் பெரிய ஆளானவர். நல்ல மனிதர். அவருக்குக் கோபம் லேசில் வராது, நாம் சொல்வது காதில் லேசில் ஏறவும் ஏறாது. டெஸ்ட் ஷெட்டைப் பார்க்க முதல் நாள் வந்தவர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க பாய், ஒண்ணும் ஆகாது" என்றேன். உண்மையான கழிவை யாரும் இங்கே அனுப்ப மாட்டார்கள் என்று விளக்கினேன். அதே உப்புகளையும் காஸ்டிக் சோடாவையும் நாமே தண்ணீரில் கலக்கிறோம். சீசியத்தில் கதிர்வீச்சு இல்லாத சாது வகை ஒன்று உண்டு, அதில் துளியூண்டு போடுகிறோம். ரெசினுக்கு இதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. இது போலிக் கழிவு. பாய் கைக்குட்டையை எடுத்தார், டாங்கியை எட்டிப்பார்த்தார், முகம் வாடிப்போயிற்று. ஏமாற்றப்பட்டவர் குரலில் சொன்னார்:

"தம்பி, தேராவுல முப்பது வருசமா வாட்சுல டூப்ளிகேட் பாத்திருக்கேன், சென்ட்டுல டூப்ளிகேட் பாத்திருக்கேன். குப்பையில டூப்ளிகேட் இப்பத்தான் பாக்குறேன்."

தண்டா எங்கே?

இந்தத் தொழிலில் கதிர்வீச்சு இருந்தால் 'ஹாட்', இல்லாவிட்டால் 'கோல்ட்'. ஆர்டர் கொடுத்தவர்கள் அனுப்பிய விதிப்படி எங்கள் ஷெட் வாசலில் 'கோல்ட் டெஸ்ட் ஏரியா' என்று ஆள் உயரத்துக்கு நீலப் பலகை மாட்டினோம். மாட்டியது ஜூலை மாதம். வெளியே யார்டில் இரும்பைத் தொட்டால் தோல் இரும்போடு போய்விடும்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெல்டர்களும் ஃபிட்டர்களுமாகப் பதினைந்து பேர் கோரைப்பாயும் டிபன் கேரியருமாக உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களைக் கூட்டிவந்தவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குல் கான். பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர். வெற்றுச் சிமெண்ட் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்து, "பாய், தண்டா கிதர் ஹை?" என்று கேட்டார், குளிர்ச்சி எங்கே என்று. எங்கள் ஷெட்டில் இருந்ததெல்லாம் அனல்காற்றைத் தள்ளும் இரண்டு மின்விசிறிகள்தான். கோல்ட் என்றால் குளிர் இல்லை, ரேடியேஷன் இல்லை என்று அர்த்தம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அந்த வாக்கியத்தில் எல்லோருக்கும் புரிந்தது ரேடியேஷன் என்ற ஒரு சொல்தான். அரை நிமிடத்தில் ஷெட் காலி. யாரோ ஒருவர் சாம்பாரைக்கூட விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் குல் கான் மட்டும் ரொட்டிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். பயமாக இல்லையா என்று கேட்டேன். நிதானமாக மென்று முடித்துவிட்டு அவர் இந்தியில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"பாய், வெளியில இருக்கிற வெயில் கட்டாயம் கொல்லும். இது கொல்லலாம், கொல்லாமலும் போகலாம். நான் இங்கேயே சாப்பிடறேன்."

நல்ல சேதி

அப்போது என் மனைவி சுமதிக்கு ஒன்பதாவது மாதம். முதல் பிரசவம். இடி இடித்தாலே என் கையைப் பிடித்துக்கொள்ளும் பெண். பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். டெஸ்ட் பத்து நாளில் முடியும் என்று ஆர்டர் கொடுத்தவர்கள் எழுதியிருந்தார்கள். அதன்பிறகு கிளம்பினால் டாக்டர் குறித்த தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே ஊர் போய்விடலாம். லீவு ஃபாரத்தை நிரப்பிக்கொண்டு தேரா ஆபீசுக்குப் போனேன்.

"டெஸ்ட் எப்ப முடியும்?" என்று கேட்டார் பாய்.

"பிரேக்த்ரூ வந்ததும் முடிஞ்சிரும் பாய்."

இந்தச் சொல்லை அவர் டி.வி. செய்திகளில் கேட்டிருக்கிறார். புதிய மருந்து கண்டுபிடித்தால் பிரேக்த்ரூ, சண்டைக்காரர்கள் சமாதானமானால் பிரேக்த்ரூ. முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் தொழிலில் அதற்கு நேர் எதிரான அர்த்தம். ரெசினில் எல்லா இடமும் நிரம்பி, உட்கார இடமில்லாத சீசியம் குழாயின் அடியில் கசிந்து வெளியே வருவதற்குத்தான் பிரேக்த்ரூ என்று பெயர். எத்தனை நாள் கசியாமல் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் டெஸ்ட். இதை மூன்று விதமாகச் சொன்னேன். பாய் புன்னகையோடு கேட்டுவிட்டு, ஃபாரத்தில் 'பிரேக்த்ரூ வந்த பிறகு லீவு' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பாஸ்போர்ட் அவருடைய மேஜை டிராயரில் இருந்தது. நான் இன்னொரு தடவை விளக்க வாயெடுத்தேன். கையமர்த்திவிட்டார்.

"நல்ல சேதியக் கெட்ட சேதி மாதிரி சொல்ற பழக்கத்த விடுங்க தம்பி."

குவான்டிட்டி

லீவு ஃபாரத்தில் காரணம் என்ற இடத்தில் நான் 'டெலிவரி' என்று மட்டும் எழுதியிருந்தேன், கூடவே டாக்டர் சொன்ன தேதியும். தேரா ஆபீசில் டெலிவரி என்ற சொல் எந்தக் காகிதத்தில் இருந்தாலும் அது நேராக ஷிப்பிங் செக்‌ஷனுக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து அங்கிருந்து ஒரு மலையாளி கிளார்க் போன் செய்தார். பொறுப்பான மனிதர். சரக்கு எங்கிருந்து புறப்படுகிறது என்று கேட்டார். அரியலூர் என்றேன். அது எந்தத் துறைமுகம் என்றார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. சார், அது என் மனைவி என்று சொன்னேன். போனில் பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"அதொக்கெ சரி சாரே, குவான்டிட்டி எழுதியிட்டில்லல்லோ. ஒரு பீஸோ, ரெண்டு பீஸோ?"

கேரண்டி

டெஸ்ட் தொடங்கியது. இரவும் பகலும் ஓட வேண்டும். ராத்திரி டூட்டிக்கு வந்தவருக்கு மீட்டரைப் பார்த்து எழுத மட்டும்தான் தெரியும். அதனால் என்னை மாற்ற ஆள் இல்லை. லேபில் இருந்தவர் யோகன் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர். குழாயின் அடியில் வரும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மெஷினில் வைத்துச் சீசியம் இருக்கிறதா என்று பார்ப்பார். தினமும் காலை பதினோரு மணிக்குக் கண்ணாடி ஜன்னல் வழியே கையை விரித்துக் காட்டுவார். இல்லை என்று அர்த்தம்.

பாய் தினமும் போன் செய்து "பிரேக்த்ரூ வந்துச்சா?" என்பார். அவர் வைத்ததும் சுமதி கூப்பிட்டு "வந்துச்சா?" என்பாள். அவளுக்கு நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்: அடியில் கசிந்தால்தான் லீவு. நான் பதிலுக்கு அவளிடம் "வலி வந்துச்சா?" என்பேன். இரண்டு பக்கமும் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் பாய்க்குப் பொறுமை போய், எனக்குத் தெரியாமல் ஆர்டர் கொடுத்தவர்களுக்கு ஈமெயில் அனுப்பிவிட்டார். எங்கள் ஆட்கள் கடுமையாக உழைக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ் இரண்டே நாளில் பிரேக்த்ரூ, கேரண்டி.

அவர்களுடைய இன்ஸ்பெக்டர் டாம் அப்போது துபாயில்தான் தங்கியிருந்தார். அறுபது வயது வெள்ளைக்காரர். மறுநாள் காலை டாக்ஸி பிடித்து வந்துவிட்டார். பாயையும் என்னையும் எதிரே உட்காரவைத்து, ஈமெயில் காகிதத்தை மேஜைமேல் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்:

"என் சர்வீஸில் எத்தனையோ கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். தன் சாமான் இரண்டே நாளில் ஓட்டையாகிவிடும் என்று கேரண்டி கொடுத்த முதல் கம்பெனி உங்களுடையதுதான்."

வரவே கூடாது

நான் மூன்று தடவை சொல்லி ஏறாதது டாம் ஒரு தடவை சொன்னதும் பாய் காதில் ஏறிவிட்டது. சிரமம் என்னவென்றால், தேவைக்கு மேல் ஏறிவிட்டது. டாம் போனதும் பாய் ஷெட்டுக்குள் வந்து குழாயைத் தடவிக் கொடுத்தார். "எல்லாம் நல்லா டைட்டா இருக்கா தம்பி?" என்றார். நட்டு, போல்ட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இனிமேல் பிரேக்த்ரூ என்ற பேச்சே இந்தக் கம்பெனியில் இருக்கக்கூடாது என்றார்.

"பாய், என் லீவு ஃபாரத்துல பிரேக்த்ரூ வந்த பிறகுன்னு எழுதியிருக்கீங்க. அத மாத்திக் குடுங்க" என்றேன்.

உண்மையிலேயே சங்கடப்பட்டார். ஆனால் டெஸ்ட் நடுவில் என்னை அனுப்பவும் வழியில்லை. அன்றிலிருந்து போனில் "இன்னிக்கும் வரல பாய்" என்று நான் சொல்லும்போதெல்லாம் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். அன்று ஷெட் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் தோளைத் தட்டிச் சொன்னார்:

"போட்ட கையெழுத்து போட்டதுதான் தம்பி. பிரேக்த்ரூ வந்தா அன்னிக்கே லீவு, வரவே கூடாதுன்னு நானும் துவா செய்யுறேன்."

வால்வு

அந்த ஆளுயரக் குழாய்க்கு எங்கள் தொழிலில் 'காலம்' என்று பெயர். தூண் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான். எப்ப வருவீங்க என்று சுமதி அழுதபோது "காலம்தான் பதில் சொல்லணும்" என்றேன். அவள் அதைத் தத்துவம் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள்.

பத்து நாள் போயிற்று. கசியவில்லை. பன்னிரண்டு. கசியவில்லை. தேராவில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொந்த ஊர்க்காரனைக் கண்டுபிடித்துவிடும் நம் ஆட்களைப் போல, லட்சோபலட்சம் சோடியத்துக்கு நடுவில் ஒரே ஒரு சீசியம் வந்தாலும் அந்த ரெசின் பிடித்து உட்காரவைத்துவிடுகிறது. பதின்மூன்றாம் நாள் நான் அந்தக் குழாயைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். டாக்டர் குறித்த தேதிக்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி.

வேகமாக விட்டால் சீக்கிரம் கசிந்துவிடும். ஓடுகிற பஸ்ஸில் யாரால் சீட் பிடிக்க முடியும்? ஃப்ளோ வால்வு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அரைச் சுற்றுத் திருப்பினேன். மீட்டர் ஏறியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யோகன் அண்ணன் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

நான்கு நிமிடம் நின்றேன். பன்னிரண்டு நாளாக ஒரு நொடி ஓய்வில்லாமல் உழைக்கும் ஒன்றைச் சோம்பேறி என்று எழுதி அனுப்பப்போகிறேன் என்று தோன்றியது. நன்றாக உழைத்தவனைப் பற்றித் தப்பாக ரிப்போர்ட் எழுதிய மேலாளர்களை நான் எத்தனை முறை சபித்திருப்பேன்! வெட்கமாக இருந்தது. சுமதியை நினைத்து அழுகையும் வந்தது. வால்வைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, லாக் புத்தகத்தில் 'நான்கு நிமிடம் ஃப்ளோ கூடியது, ஆபரேட்டர் தவறு' என்று எழுதினேன். யோகன் அண்ணன் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். புத்தகத்தைப் படித்தார்.

"தம்பி, நீர் கூட்டேக்கையும் பாத்தனான், குறைக்கேக்கையும் பாத்தனான். ரெண்டாவதைத்தான் ஞாபகத்திலை வைச்சிருப்பன்."

வந்தாச்சு

பதினைந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு யோகன் அண்ணன் வழக்கம்போலக் கையை விரித்தார். அதே நிமிடத்தில் என் நோக்கியா அடித்தது. மச்சான். பெண் குழந்தை, இருவரும் நலம் என்றான். நான் பக்கத்திலிருந்த காலி டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம்தான். ஆனால் வாக்குத் தவறிவிட்டதே என்ற நினைப்பு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது. அதை எழுப்பிவிட எந்த ரெசினும் இல்லை.

போன் சுமதியிடம் போனது. "பயந்தியா?" என்று கேட்டேன். களைத்துப்போன குரலில் கேட்டாள்:

"இங்க வந்தாச்சுங்க. அங்க வந்துச்சா?"

துக்கம் விசாரித்தல்

பத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யோகன் அண்ணன் கையை விரிக்கவில்லை. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். "வந்திட்டுதடா!" என்று கத்தியது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. பத்து நாள் எதிர்பார்த்த ரெசின் பத்தொன்பது நாள் தாங்கியிருக்கிறது. டாம் போனில் வாயாரப் பாராட்டினார். அந்த நான்கு நிமிடத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார், தவறு என்னுடையது என்றேன், எழுதி வைத்ததற்கு நன்றி என்றார்.

மதியம் குல் கான் ஒரு பெட்டி ஜிலேபியோடு வந்தார். வெள்ளிக்கிழமை லீவில் ரோலா கடைத்தெருவுக்குப் போய் என் மகளுக்காக வாங்கி வைத்திருந்தாராம். தேன்பாகு சொட்டச் சொட்ட எல்லோரும் தின்றுகொண்டிருந்தபோது ஹமீது பாய் உள்ளே வந்தார். பின்னால் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர். குழாய் கசிந்துவிட்டது என்ற செய்தி மட்டும்தான் அவருக்குப் போயிருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜிலேபிப் பெட்டி கண்ணில் பட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மய்யித்து வீட்டுல இனிப்பா?" என்று, இழவு வீட்டுக்கு வந்தவர்போலக் குல் கானை முறைத்தார்.

நான் விளக்கவில்லை. விளக்கிப் பட்டது போதும். பாய் சட்டைப் பையிலிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"போனது போவட்டும் தம்பி, நீங்களும் ஒங்களால ஆனத செஞ்சீங்க. ஊருக்குப் போயி பிள்ளை மொகத்தப் பாத்து மனச ஆத்திக்கிட்டு வாங்க."

ஹாட்

திருச்சியில் இறங்கி வீடு போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு வயது ஆறு நாள். சுமதி வாசலுக்கு வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் பக்கத்தில் நின்றேன். கடைசியில் அவளே துணியோடு சுருட்டிக் குழந்தையை என் கையில் கொடுத்தாள். சார்ஜாவில் வாங்கிய புதுச் சட்டையோடு, மூச்சுக்கூடப் பலமாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். அடியில் கசிந்தது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் நிச்சயமாகக் கோல்ட் இல்லை, ஹாட். சட்டை நனைந்து வயிற்றில் வழிந்தது. சுமதி திரும்பிப் பார்த்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"இதுக்குத்தான அங்க பத்தொம்பது நாளு காத்துக் கெடந்தீங்க? எம் மவ ஒரு நிமிசத்துல குடுத்துட்டா பாருங்க."

கசியாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கி, கசிய வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, கசிந்ததற்குத் துக்கம் விசாரிக்கப்பட்டு, கடைசியில் கசிவில் நனைந்து மன்னிக்கப்பட்டவன் வளைகுடா முழுக்கத் தேடினாலும் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.